எரிந்த மாளிகையில் ஒரு பயிற்சிப் பட்டறை

பல வருடங்கள் கழித்துத் தம் காணிக்குத் திரும்பிய குடும்பங்களிடம் அந்த முதல் நாளைப் பற்றிக் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். பற்றை மண்டிய ஒழுங்கை. கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வீடு நின்ற இடத்தைக் கணித்தவர்களும் உண்டு. வீடு நின்றால் கூரை இல்லை. ஓடும் சிலாகையும் தீராந்தியும் போய்விட்டன. கதவு நிலையும் யன்னல் நிலையும் இருந்த இடங்களில் வெறும் ஓட்டைகள். விறாந்தைச் சுவரின் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று. அப்பு கட்டிய வீடு, அம்மாவின் சீதன வீடு என்று சொல்லிச் சொல்லி முகாமில் பிள்ளைகளை வளர்த்த அந்த வீடு, நாலு சுவராக நிற்கும்.

அடுத்து வரும் கேள்வி, "இதை வைச்சுக் கொண்டு என்ன செய்யிறது? இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுவமோ?" என்பது. பெரும்பாலும் இடித்துவிடுவதுதான் நடந்திருக்கிறது. வீட்டுத்திட்டப் பணம் கைக்கு வந்தவுடன் அத்திவாரம் வெட்டும் அவசரம். பழைய சுவரைத் திருத்தத் தெரிந்த மேசனும் கிடைப்பதில்லை. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் போரில் எரிந்த ஒரு பெரிய கட்டடத்தை இடிக்காமல், அதையே தொழில் படிக்கும் இடமாக மாற்றிய ஓர் ஊரின் கதை இருக்கிறது. அது ருமேனியா நாட்டில், திரான்சில்வேனியா என்ற பகுதியில் உள்ளது. எங்கள் நிலைமைக்கும் அதற்கும் வேறுபாடுகள் பல. ஆனாலும் படித்துப் பார்த்தால் எங்கோ கேட்ட கதைபோல இருக்கும்.

பொன்ட்சிடா

குளூஜ் நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்தில், சொமேஷ் ஆற்றோரம் இருக்கும் கமக்காரக் கிராமம் பொன்ட்சிடா. ருமேனியரும் ஹங்கேரியரும் றோமா மக்களும் கலந்து வாழும் இடம். அங்கே பான்ஃபி என்ற பிரபுக் குடும்பத்துக்கு 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காணி இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் நாலு மூலையிலும் வட்டக் கோபுரம் வைத்துக் கோட்டைபோல ஒரு மாளிகை எழுப்பினார்கள். 1747க்கும் 1751க்கும் இடையில் அதன் முன்னே குதிரை லாடத்தின் வடிவில் ஒரு பெரிய முற்றமும், அதைச் சுற்றிக் குதிரை லாயங்களும் வேலையாட்களுக்கான கட்டடங்களும் வந்தன. கூரை விளிம்பில் கற்சிலைகளை வரிசையாக நிறுத்தினார்கள். பின்வந்த ஒரு பிரபு முன்வாசற் கட்டடத்தை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கிராமத்தில் ஒரு நீர் ஆலை கட்டினாராம். ஒரு கட்டடத்தின் கல் இன்னொரு கட்டடத்துக்குப் போவது அங்கேயும் பழைய வழக்கந்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இது ஏழைகளின் வீடு அல்ல. குடியானவர்களின் உழைப்பில் எழுந்த நிலப்பிரபுவின் மாளிகை. கல் சுமந்தவர் பெயரோ சாந்து குழைத்தவர் பெயரோ எந்தச் சுவரிலும் இல்லை. அப்படியான ஒன்றைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு கமக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் பின்னால் வரும்.

மாளிகையின் கடைசிப் பிரபு மிக்லோஷ் பான்ஃபி, 1873இல் பிறந்தவர். 1921, 1922 ஆண்டுகளில் ஹங்கேரியின் வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர், நாவலாசிரியரும்கூட. 1934இலிருந்து 1940 வரை அவர் எழுதிய மூன்று நாவல்களின் தலைப்புகளும், தானியேல் ஆகமத்தில் பெல்சாத்சார் மன்னனின் விருந்து மண்டபச் சுவரிலே ஒரு கை எழுதிய அந்த மூன்று சொற்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எண்ணப்பட்டு, நிறுக்கப்பட்டு, பிரிக்கப்பட்ட ஓர் இராச்சியம். தன் வர்க்கத்தாரின் அலட்சியத்தைத்தான் அவர் அந்தக் கதைகளில் சாடினார். கதையில் வேறு பெயரோடு வரும் மாளிகை இந்த பொன்ட்சிடா மாளிகையே.

1944

இரண்டாம் உலக யுத்தத்தில் ஹங்கேரியும் ருமேனியாவும் ஹிட்லரின் ஜேர்மனியோடு சேர்ந்து நின்றன. 1940இலிருந்து பொன்ட்சிடா அடங்கிய வட திரான்சில்வேனியா ஹங்கேரியின் கையில் இருந்தது. 1943இல் பான்ஃபி ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டுக்குப் போய், இரு நாடுகளும் அந்தக் கூட்டிலிருந்து விலகுவது பற்றிப் பேச்சு நடத்தினார். பேச்சு சரிவரவில்லை. 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படைகள், இராணுவ ஆஸ்பத்திரியாகவும் பயன்பட்ட அந்த மாளிகையைக் கொள்ளையடித்து எரித்துவிட்டுப் போயின. அவர் செய்த காரியத்துக்குப் பழிவாங்கவே எரித்தார்கள் என்பது அங்கு எல்லோரும் சொல்லும் காரணம். தளபாடம், ஓவியங்கள், நூலகம் எல்லாம் போயின. பான்ஃபி 1950இல் புடாபெஸ்டில் காலமானார்.

தீ ஒரு நாளில் செய்ததைவிட, பின்வந்த 50 வருடங்கள் செய்த அழிவு பெரிது என்பது எமது எண்ணம். பொதுவுடைமை ஆட்சி பெருங்காணிகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளாக்கியது. சிறு கமக்காரரின் காணியும் அதில் தப்பவில்லை. மாளிகையின் கட்டடங்கள் கூட்டுப்பண்ணையின் தேவைகளுக்கும் களஞ்சியத்துக்கும் போயின. 1960களில் ஒரு திரைப்படத்தின் போர்க்காட்சிக்காக அதில் மறுபடியும் தீ மூட்டினார்கள்! கூரையற்ற பகுதிகளுக்குள் மழையும் பனியும் இறங்கின. ஊரார் தங்கள் வீடுகளுக்கும் மாட்டுக் கொட்டில்களுக்கும் கல்லும் மரமும் எடுத்துப் போனார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வாசகர்கள் பலர் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் கதவும் யன்னலும் எவருடைய வீட்டில் இருக்கின்றன என்று தெரிந்தும் கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. இல்லாமை வந்தால் மனிதர் எடுப்பார்கள். அந்த ஊரில் நல்லதாகப் பட்டது ஒன்று: பின்னாளில் திருத்த வேலை தொடங்கியபோது யார் எடுத்தது என்று விசாரித்துக் கொண்டிருக்கவில்லை. சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கும் அதே மாளிகையில் பயிற்சியும் வேலையும் கொடுத்தார்கள்.

பயிற்சி தொடங்கிய விதம்

1989இல் ஆட்சி மாறியது. 1999இல், உலகில் அழிவு ஆபத்திலுள்ள நூறு நினைவுச்சின்னங்களின் பட்டியலில் பொன்ட்சிடா சேர்க்கப்பட்டது. சட்டங்கள் மாறியபின் மாளிகை பான்ஃபியின் மகளுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் அதைத் திரான்சில்வேனியா அறக்கட்டளை என்ற உள்ளூர் நிறுவனத்திடம் 49 வருட ஒப்பந்தத்தில் ஒப்படைத்தார்.

பணம் இல்லை என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, ஆட்கள் இல்லை. 40 வருடமாக நாடு முழுவதும் கொங்கிறீற் பலகைகளைப் பொருத்தி மாடி வீடுகளைக் கட்டிய காலம். சுண்ணாம்புச் சாந்து குழைக்கவும், கல்லைக் கையுளியால் செதுக்கவும், உக்கிய தீராந்தியில் புதுமரம் பொருத்தவும் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த பொறியியலாளருக்கும் பழைய சுவர் ஒரு புதிராகத்தான் இருந்தது.

ஆகவே 2001இல், பிரித்தானியாவின் வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து மாளிகையையே பள்ளிக்கூடமாக்கினார்கள். வெளியிலிருந்து ஒரு கம்பனியைக் கூப்பிட்டு, காசைக் கொடுத்து, இரண்டு வருடத்தில் முடித்துத் தரச் சொல்லும் வழியை எடுக்கவில்லை. கோடைகாலங்களில் பெரும்பாலும் இரண்டு வாரப் பயிற்சிநெறிகளாக நடத்தினார்கள். மேசன் வேலை, கல் செதுக்கல், சாந்து பூச்சு, கூரைத் தச்சு, கதவு யன்னல் தச்சு, இரும்பு வேலை எனத் தனித்தனிப் பிரிவுகள். கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் தொழிற்பாடசாலை மாணவரும் தொழிலில்லாத வாலிபரும் ஒரே முற்றத்தில் வேலை படித்தார்கள். வரைபடம் போடுகிறவர் சாந்து குழைத்துப் பார்க்க வேண்டும். சாந்து குழைக்கிறவர் வரைபடத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வேலைத்தளங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கரண்டியைத் தொட்டதை நாம் அதிகம் கண்டதில்லை.

பிரதான மாளிகை முழுவதையும் ஒரேயடியாகத் தொடவில்லை. சமையற்கட்டுப் போன்ற சிறிய கட்டடங்களை முதலில் எடுத்தார்கள். திருத்திய கட்டடத்தைப் பூட்டி வைக்காமல் உடனே பயன்படுத்தினார்கள். பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அங்கே படித்துப் போயிருக்கிறார்கள். 2008இல் ஐரோப்பியப் பண்பாட்டு மரபுரிமைப் பரிசு, கல்விப் பிரிவில், இந்தப் பயிற்சி நிலையத்துக்குக் கிடைத்தது. 2013இலிருந்து மாளிகை வளவில் ஒரு பெரிய இசைவிழா நடந்து வருகிறது. அந்த வழியிலும் திருத்த வேலைக்குப் பணம் சேர்ந்திருக்கிறது. விழா நாட்களின் சத்தத்தைக் கேட்டால் பழைய பிரபுக்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது.

முன்னே வைத்த கேள்விக்கு இப்போது வருவோம். பிரபுவின் மாளிகையைக் காப்பாற்ற ஏன் பாடுபட வேண்டும்? அங்கே காப்பாற்றப்பட்டது சுவர் மட்டுமல்ல, அந்தச் சுவரைக் கட்டியவர்களின் கைத்தொழிலும். அந்தத் தொழில் பிரபுவுக்குச் சொந்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது கொத்தனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் உரியது. இரண்டு வாரம் படித்த வாலிபன் அதைக் கொண்டுபோய்த் தன் ஊரில் கூலிக்கு வேலை செய்யலாம். தன் பாட்டனின் வீட்டையும் திருத்தலாம்.

கிழட்டுச் சுவரோடு எப்படிப் பழகுவது?

இப்படியான பயிற்சிகளில் சொல்லிக் கொடுக்கும் சில விஷயங்கள் எங்கள் வளவுக்கும் பொருந்தும். அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து உறுதி செய்யாத காணியிலோ பாழ்வீட்டிலோ கால் வைக்க வேண்டாம். பற்றை வெட்டவும் வேண்டாம்.

முதல் வேலை, ஒன்றையும் தொடாமல் பார்ப்பது. எந்தச் சுவர் நேராக நிற்கிறது, எது சாய்ந்தது என்று தூக்குக்குண்டு நூல் கட்டிப் பாருங்கள். படம் எடுத்து வையுங்கள். கைப்பட ஒரு வரைபடம் கீறுங்கள். விழுந்து கிடக்கும் கல்லையும் ஓட்டையும் குப்பையென அள்ளிக் கொட்டாமல் வகைபிரித்து அடுக்குங்கள்.

இரண்டாவது, தண்ணீர். பழைய சுவருக்கு முதல் எதிரி சுவரின் தலையில் இறங்கும் மழை. கூரைக்குக் காசு சேரும்வரை சுவரின் மேல்விளிம்பைச் சாந்தால் மூடி, சுற்றி வர மழைநீர் ஓட வாய்க்கால் வெட்டினாலே அது இன்னும் பல மாரிகளைத் தாங்கும். சுவரில் முளைத்த ஆல், அரசு மரங்களை இழுத்துப் பிடுங்கக் கூடாது. வேரோடு சுவரும் வரும். அடியில் வெட்டி, வேரைப் பட்டுப்போக விட்டு, பிறகு வெடிப்பை அடைக்க வேண்டும்.

மூன்றாவது, தீ. சுண்ணக்கல் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுண்ணாம்பாக மாறிவிடும். சூளையில் நடப்பதும் அதுதான். எனவே எரிந்த வீட்டின் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டு மேற்பகுதி பொருபொருத்தால் அந்தக் கல்லை மாற்ற வேண்டும். கொங்கிறீற் தட்டு எரிந்திருந்தால் உள்ளே கம்பி பலமிழந்திருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது; தகுதியுள்ள ஒருவர் வந்து சொல்லும்வரை அதன் கீழே படுக்க வேண்டாம்.

நாலாவது விஷயத்தில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். சீமெந்து வருவதற்கு முன் கட்டிய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் நிற்பவை. சுவரின் இணைப்பை ஒரு ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மெதுவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. கடினமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சீமெந்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அது உப்போடு உள்ளே தங்கி மென்மையான கல்லை அரித்துவிடும். சில வருடத்தில் பூச்சு தகடு தகடாகக் கழரும்போது கல்லின் முகமும் கூட வரும். "நல்ல பலமாச் சீமெந்து போட்டனாங்கள், பிறகும் விழுந்திட்டுது" என்று சொல்பவர்களின் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

சுண்ணாம்புச் சாந்து செய்வது கடினமல்ல, பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது அது கொதித்து எழும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சிறுவர்களைத் தூரத்தில் வையுங்கள், கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் வாளி நிறையச் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். தெறித்தால் நெடுநேரம் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் மூடி நிற்க மாதக்கணக்கில் விட்டால் வெண்ணெய்போல வரும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கூர்மணல். கடல்மணல் வேண்டாம், உப்பு இருக்கும். பூச்சுக்குக் கொஞ்சம் தும்பு சேர்த்தால் வெடிக்காது. மேலைநாட்டில் ஆட்டு மயிரும் மாட்டு மயிரும் சேர்ப்பார்கள். எங்கள் முன்னோர் பனங்கட்டித் தண்ணீர் சேர்த்தார்கள். சுவரை நனைத்து, மெல்லிய படையாகப் பூசி, நனைத்த சாக்கால் மூடி, வெயில் நேராகப் படாமல் பார்க்க வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கியே அது மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. சீமெந்துபோல மறுநாள் இறுகாது. அவசரப்படுகிறவருக்கு இந்த வேலை சரிவராது.

மரவேலையிலும் இதே பொறுமைதான். தீராந்தியின் ஒரு முனை உக்கியதற்காக முழு மரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. நல்ல பகுதிவரை வெட்டி, அதே சாதி மரத்தில் புதிய துண்டைச் சரிவாகச் சீவிப் பொருத்தி முளை அடித்து இறுக்கலாம். இன்று பாலை மரமும் முதிரை மரமும் விற்கும் விலைக்கு இந்த ஒரு வித்தையே ஒரு குடும்பத்துக்குப் பெரும் காசை மிச்சப்படுத்தும்.

எங்கள் பக்கத்தில்

யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. சுண்ணாம்பு சுட்ட ஊர்கள் இங்கே இருந்தன. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்து ஆலை வேலை தொடங்கியது. 1990இல் யுத்தத்தோடு அது நின்றது. அந்த 40 வருடத்துக்குள் சுண்ணாம்பு எங்கள் கட்டட வேலையிலிருந்து ஒதுங்கி, வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும் என்றாகிவிட்டது. அடுத்து வந்த இடப்பெயர்வுகளில் மேசன்மார் வன்னிக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சிதறினார்கள். அப்பனிடமிருந்து மகன் தொழில் பழகுவதற்கு அப்பனும் மகனும் ஒரே ஊரில் இருக்க வேண்டுமல்லவா?

யுத்தத்துக்குப் பிறகு வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதுவீட்டுக்கு 550,000 ரூபாயும், சேதமான வீட்டைத் திருத்த 250,000 ரூபாய் வரையும் கொடுத்தார்கள். திருத்தவும் தனியே பணம் ஒதுக்கியது நல்ல விஷயம். ஆனால் திருத்தும் தொழிலைப் படிப்பிக்க எவரும் அதே அளவு ஒதுக்கவில்லை. அதனால் திருத்தம் என்பது பல இடங்களில் பழைய சுண்ணாம்புச் சுவரில் சீமெந்தை அப்புவதாகவே முடிந்தது. பங்குகள்தோறும் தையல் வகுப்பும் கணினி வகுப்பும் நடத்திய எமக்கும் இதில் பங்கு உண்டு. பாழடைந்து நின்ற எத்தனையோ பழைய பங்குமனைகளும் பாடசாலைக் கட்டடங்களும் இடிக்கப்பட்டபோது, அவற்றில் பத்து வாலிபரை வைத்து வேலை பழக்கியிருக்கலாம் என்று எமக்கு அப்போது தோன்றவில்லை.

எல்லாப் பழைய சுவரையும் காப்பாற்ற முடியாது. அத்திவாரம் இறங்கிய சுவரும், செல் விழுந்து பிளந்த சுவரும் இடிக்கத்தான் வேண்டும். மண்வீட்டிலும் தகரக் கொட்டிலிலும் இருந்து இடம்பெயர்ந்த குடும்பத்துக்குத் திருத்துவதற்குச் சுவரே இல்லை. அவர்களுக்கு வேண்டியது புதுவீடு. ஆனால் அந்தப் புதுவீட்டைக் கட்டும் மேசனுக்கும் தச்சனுக்கும் இந்தப் படிப்பு வீண்போகாது.

உங்கள் ஊரில் சுண்ணாம்பு சுடவும் நீற்றவும் தெரிந்த முதியவர் யாரும் இருந்தால், அல்லது கையால் சீவி மரம் பொருத்தத் தெரிந்த தச்சனார் இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் உங்கள் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். பழகிப் பார்க்க விருப்பமுள்ள வாலிபரும் யுவதிகளும் தங்கள் பெயரைக் கொடுக்கலாம். ஒரு பழைய கட்டடத்தைத் தந்துதவக்கூடிய பங்கு எதுவென்றும் அறிய விரும்புகிறோம். அடுத்த மாரிக்கு முன் ஒரு சுண்ணாம்புக் குழியாவது வெட்டினால், சுண்ணாம்பு பதமாக வரும்போது கோடை வந்திருக்கும்.